மறைந்தவரின் கைப்பக்குவத்தை மீட்டெடுத்தல்

மறைந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையும் அவர் கையால் சமைத்துப் போட்டதையும் மீண்டும் சமைத்துப் படைப்பது தமிழ்க் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். எந்த நாளில் படைப்பது என்பதைப் பஞ்சாங்கம் சொல்லிவிடும். எப்படிச் சமைப்பது என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். சமைத்தவரே போய்விட்ட வீட்டில் அந்த ஆள், அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்தான். சாப்பிட்டவர்களின் நாக்கு, சமைத்தவரின் பாத்திரங்கள், அவர் எழுதிப் போட்ட துண்டுச்சீட்டுகள் ஆகிய மூன்றையும் வைத்து ஓர் உணவை மீட்டு, சமைத்துப் பார்த்து, எழுதி வைக்கும் முறை இந்த அத்தியாயத்தில் தரப்படுகிறது.

தகவல் திரட்டும் வேலையை முதல் ஆண்டுத் திதிக்குள் முடித்துவிடுவது நல்லது. சமைத்துப் பார்ப்பதற்கு அவசரம் இல்லை. துக்கம் ஆறாத நிலையில் அடுப்பின் முன் நிற்க முடியாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது.

எந்த நாள், எந்த உணவு

முதலில் பிரித்தறிய வேண்டியது, சடங்குக்கான சமையலையும் நினைவுக்கான சமையலையும். இரண்டும் ஒன்றல்ல.

பிராமணக் குடும்பங்களின் சிராத்தச் சமையலில் மறைந்தவரின் விருப்பத்தைவிட விதிக்கே முதலிடம். மிளகாய்க்குப் பதில் மிளகு சேரும். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு இலைக்கு வருவதில்லை. பாகற்காய், பிரண்டை, பலாக்காய், வாழைக்காய், சேப்பங்கிழங்கு ஆகியவற்றுக்குத் தனி இடம் உண்டு. சிராத்தத்துக்கு 1008 காய்கறி கேட்ட விசுவாமித்திரருக்கு, பாகற்காயை 100, பிரண்டையை 300, பலாவை 600 எனக் கணக்கு வைத்து, மீதி எட்டையும் சேர்த்து வசிட்டர் வீட்டில் இலை போட்ட கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இத்தகைய வீட்டில் தாத்தாவுக்குப் பிடித்த வெங்காய சாம்பாரைத் திதி நாளில் சமைக்க முடியாது. அதற்குப் பிறந்த நாளையோ வேறொரு ஞாயிற்றுக்கிழமையையோ ஒதுக்கலாம்.

வேறு பல சமூகங்களில் படையலே மறைந்தவரின் விருப்பத்தைப் பொறுத்தது. கருவாட்டுக் குழம்பும் ஆட்டுக்கறியும் இலையில் இருக்கும். வெற்றிலையும் சுருட்டும் பக்கத்தில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் இறந்தபின் செய்யும் எட்டுச்செலவில், அவர் உயிரோடிருந்தபோது விரும்பி உண்டவற்றைச் சமைத்துப் படைப்பார்கள். அங்கே ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்களுக்கும், சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கும் உரிய விரத நாட்கள். ஆடி அமாவாசைச் சமையலில் காத்தோட்டிக்காய் தவறாமல் இடம்பெறும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முஸ்லிம் வீடுகளில் பாத்திஹா ஓதி உணவைப் பகிரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

குறிப்பு: முதல் முயற்சிக்கு ஒரே ஓர் உணவைத் தேர்ந்தெடுப்பது போதும். விருந்துப் பலகாரத்தைவிட வாரம் இருமுறை சமைத்த குழம்பே நல்ல தேர்வு. அதைத்தான் வீட்டில் எல்லாரும் பலமுறை சாப்பிட்டிருப்பார்கள். சாட்சிகள் நிறையக் கிடைப்பார்கள்.

சமையலறையைக் கலைக்கும் முன்

காரியம் முடிந்ததும் வீட்டைச் சுத்தம் செய்யும் வேகத்தில் பல தடயங்கள் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகின்றன. கீழ்க்கண்ட வரிசையில் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

1. அஞ்சறைப்பெட்டி, டப்பாக்கள், அடுப்பு மேடை ஆகியவற்றை இருந்த இடத்திலேயே படம் பிடிக்க வேண்டும். எந்தப் பொடி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்பதே ஒரு தகவல்.

2. பொடி அள்ளிய கரண்டி, அரிசி அளந்த டம்ளர், உப்பு ஜாடிக்குள் கிடந்த தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். செய்முறையில் வரும் "ஒரு கரண்டி" இந்தக் கரண்டிதான். கடையில் விற்கும் 15 மில்லி மேசைக்கரண்டி அல்ல.

3. சமையலறைத் தராசில் பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுக்க வேண்டும். 1 கிராம் தண்ணீர் 1 மில்லி. கிடைத்த அளவை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பாத்திரத்தோடு கட்டி வைக்கலாம்.

4. மளிகைச் சீட்டு, நாட்குறிப்பு, காலண்டர் தாளின் பின்புறம், மாவு மில்லுக்குக் கொடுத்தனுப்பிய சீட்டு ஆகியவற்றைத் தேட வேண்டும். இவற்றில் மில் சீட்டுக்கே மதிப்பு அதிகம். "மல்லி 1 கிலோ, மிளகாய் ½ கிலோ, துவரம்பருப்பு 100, மிளகு 50, வெந்தயம் 25, விரலி மஞ்சள் 4" என்று இருந்தால் அந்த வீட்டுக் குழம்பின் அடிப்படை கையில் கிடைத்துவிட்டது என்றே கொள்ளலாம். சீட்டு இல்லையென்றால் வழக்கமாகப் போகும் மில்லில் கேட்கலாம். பல ஆண்டுகள் ஒரே வீட்டுக்கு அரைத்துக் கொடுத்தவருக்கு அளவு நினைவிருக்கக்கூடும்.

5. மீதமிருக்கும் பொடியைத் தூக்கிப் போடாமல், 50 கிராம் அளவு காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, நிறத்தையும் மணத்தையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாட்சிகளிடம் கேட்கும் முறை

எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துக் கேட்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிக் கேட்டால் மூத்தவர் சொல்வதையே மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். அனுமதி வாங்கிக்கொண்டு கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யலாம். வயதில் மூத்தவரிடமும் உடல்நலம் குன்றியவரிடமும் முதலில் போக வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதில் சற்று யோசனை தேவை. பிள்ளைகளுக்குச் சுவைதான் தெரியும்; செய்முறை தெரிந்தவர் வேறு யாராவது இருப்பார். கூடமாட நின்று வெங்காயம் உரித்த நாத்தனார், அம்மியில் அரைத்துக் கொடுத்த வேலைக்காரம்மா, பண்டிகைக்குச் சேர்ந்து முறுக்குப் பிழிந்த பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் கையின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். மீன்காரரும் காய்கறிக்காரரும்கூட "அம்மா நெத்திலிதான் கேட்பாங்க, பெரிசு வேண்டாம்பாங்க" என்பதுபோல ஒரு வரி சொல்வார்கள். அந்த ஒரு வரியால் மொத்தக் குழம்பும் தெளிவாவதுண்டு.

"அதில் என்னவெல்லாம் போடுவார்?" என்று கேட்டால் எந்தச் சமையல் புத்தகத்திலும் இருக்கும் பட்டியல்தான் பதிலாக வரும். பின்வருமாறு கேட்டால் பயன் கிடைக்கும்:

1. அடுப்பில் முதலில் ஏறியது எது? எண்ணெயா, புளித்தண்ணீரா?
2. எந்த மணம் வந்ததும் அடுத்ததைப் போட்டார்?
3. இறக்கும்போது குழம்பு எப்படி இருந்தது? கரண்டியில் ஒட்டியதா, ஓடியதா? எண்ணெய் மிதந்ததா?
4. எந்தப் பாத்திரம்? மூடி வைத்தாரா, திறந்து வைத்தாரா?
5. அன்றே பரிமாறினாரா, மறுநாளைக்கு எடுத்து வைத்தாரா?
6. மற்றவர் சமைத்ததைச் சாப்பிடும்போது என்ன குறை சொல்வார்?

ஆறாவது கேள்விக்கு வரும் பதில் மிகவும் பயனுள்ளது. "பெருங்காயம் தூக்குது", "புளி பச்சையா நிக்குது", "பொடி வேகலை" என்று அவர் பிறர் சமையலில் கண்ட குறைகளைத் திருப்பிப் பார்த்தால் அவருடைய பக்குவம் தெரியும்.

எந்த வயதுச் சமையல் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். முதுமையில் நாக்கின் சுவையுணர்வும் மூக்கின் மணவுணர்வும் மங்குவதால், கடைசிக் காலத்தில் பலர் உப்பும் காரமும் கூட்டிப் போடுகிறார்கள். வேறு சிலர் ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறைத்திருப்பார்கள். மூத்த மகன் நினைவில் இருக்கும் குழம்பும் பேத்தி நினைவில் இருக்கும் குழம்பும் வேறுபட இதுவே காரணமாக இருக்கலாம். இருவரும் சொல்வது உண்மை. ஒன்றைத் தள்ளாமல் இரண்டையும் ஆண்டுக் கணக்கோடு எழுதிக்கொள்ள வேண்டும்.

பழைய அளவுகளை மாற்றுதல்

இந்தியாவில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இல் வந்தது. ஆயினும் வீட்டுச் சமையலில் படியும் பலமும் அதற்குப் பின்னும் நெடுநாள் புழங்கின. பழைய குறிப்பேடுகளில் வரும் அளவுகளுக்கு இந்தக் கணக்கு உதவும்: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. எடையில் 1 பலம் ஏறக்குறைய 35 கிராம், 1 சேர் 280 கிராம், 1 வீசை 1.4 கிலோ. ஆழாக்கைப் பொதுவாக 168 மில்லி என்பார்கள். ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியிருந்ததால், வீட்டில் பழைய படியோ உழக்கோ இருந்தால் அதையே தண்ணீர் ஊற்றி அளந்துகொள்வதுதான் சரி.

"காலணாவுக்குப் பெருங்காயம்" என்று எழுதியிருந்தால் அது 1957-இல் நயா பைசா வருவதற்கு முந்தைய வழக்கு. விலையை வைத்து எடையைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். அந்த வரியை அப்படியே பகர்த்து வைத்துவிட்டு, அளவைச் சுவைபார்த்து முடிவு செய்ய வேண்டும்.

"எலுமிச்சை அளவு புளி" என்பது வீட்டுக்கு வீடு 20 கிராமிலிருந்து 40 கிராம் வரை போகும். சாட்சி சொல்பவரிடமே புளியைக் கொடுத்து உருட்டச் சொல்லி, அந்த உருண்டையை நிறுத்துக்கொள்வது நல்ல வழி. "ஒரு கை உப்பு", "ஒரு பிடி கறிவேப்பிலை" ஆகியவற்றுக்கும் இதே முறை. மறைந்தவரின் கை அளவுக்கு ஒத்த கை உள்ள உறவினர் அள்ளினால் இன்னும் நெருங்கும். கல்லுப்பையும் தூளுப்பையும் கரண்டிக் கணக்கில் மாற்றிப் போடக் கூடாது. கல்லுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் குறைந்த எடைதான் பிடிக்கும்.

சோதனைச் சமையல்: வத்தக்குழம்பு

படையல் நாளன்று முதல் முறையாகச் சமைத்துப் பார்க்கக் கூடாது. அன்றைக்கு வேலையும் அதிகம், மனமும் கனத்திருக்கும். குறைந்தது ஒரு மாதம் முன்பே சோதனையைத் தொடங்க வேண்டும். நான்கு பேருக்கான வத்தக்குழம்பு இங்கே மாதிரியாகத் தரப்படுகிறது.

அடிப்படை அளவு: நல்லெண்ணெய் 60 மில்லி, புளி 30 கிராம், சுண்டைக்காய் வத்தல் 2 மேசைக்கரண்டி, வீட்டுக் குழம்புப்பொடி 2 மேசைக்கரண்டி, கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு தலா ½ தேக்கரண்டி, கறிவேப்பிலை, பெருங்காயம், சிறு துண்டு வெல்லம், உப்பு.

1. புளியை 500 மில்லி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்ட வேண்டும்.

2. எண்ணெய் காய்ந்ததும் வத்தலை மிதமான தீயில் பொரித்துத் தனியே எடுக்க வேண்டும். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும்; கருகியதைத் தூர எறிந்துவிட்டுப் புது எண்ணெயில் தொடங்க வேண்டும்.

3. அதே எண்ணெயில் கடுகு, பருப்பு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிக்க வேண்டும். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டக் கூடாது.

4. தாளிப்பைச் சமமாக இரண்டு சிறு பாத்திரங்களில் பிரிக்க வேண்டும். முதல் பாத்திரத்தில் தீயைக் குறைத்துப் பொடியை எண்ணெயிலேயே சில விநாடி வறுத்துப் பிறகு பாதிப் புளித்தண்ணீரை ஊற்ற வேண்டும். இரண்டாவதில் மீதிப் புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டு அதில் பொடியைப் போட வேண்டும்.

5. இரண்டையும் 15 முதல் 20 நிமிடம், எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை சுண்டவைக்க வேண்டும். வத்தலையும் வெல்லத்தையும் கடைசியில் சேர்க்க வேண்டும். உப்பும் கடைசியில்தான், வத்தலில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

6. எது எந்த முறை என்று சொல்லாமல் சாட்சிகளுக்குப் பரிமாற வேண்டும். கரண்டியில் நக்கிப் பார்ப்பது போதாது. சுடுசோற்றில் பிசைந்து, அந்த வீட்டில் வழக்கமாகத் தொட்டுக்கொள்ளும் சுட்ட அப்பளத்தோடோ பருப்புத் துவையலோடோ சாப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

7. மறுநாள் காலையும் ஒருமுறை சுவைக்க வேண்டும். வத்தக்குழம்பு ஊறிய பிறகுதான் நினைவிலிருக்கும் சுவைக்கு வரும்.

முதல் பாத்திரத்தில் நிறம் ஆழ்ந்து மணம் தூக்கலாக இருக்கும். இரண்டாவதில் பொடியின் காரம் மட்டாகப் புளியோடு கலந்து நிற்கும். சாட்சிகள் ஒன்றைக் காட்டிய பிறகு அடுத்த சோதனைக்குப் போகலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். புளி, பொடி, எண்ணெய் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சுவை மாறியது என்று தெரியாமல் போகும்.

குறிப்பு: சுவைத்தவர்கள் "அம்மா கை மாதிரி வரலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது. புளிப்பா, உப்பா, காரமா, மணமா, பதமா என்று எதில் குறை என்பதைச் சொல்ல வேண்டும். சமைத்தவர் பெரும்பாலும் மருமகளாகவோ மகளாகவோ இருப்பார்; வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டுத் தீர்ப்பு மட்டும் சொல்வது அநியாயம். மகன்களும் பேரன்களும் கரண்டி பிடிக்க வேண்டும்.

சுவை ஒட்டாதபோது

அளவு சரியாக இருந்தும் சுவை தள்ளி நின்றால் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும். மிக்ஸியில் வேகமாகச் சுழலும்போது விழுது சூடேறுகிறது. அம்மியில் நசுங்கி, சற்றுக் கொரகொரப்பாக வரும். விட்டுவிட்டு அரைத்தால் ஓரளவு நெருங்கலாம். பழம்புளி கறுத்து, புளிப்பு ஆழ்ந்திருக்கும்; புதுப்புளி வெளுத்து, சுருக்கென்றிருக்கும். குண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் காரத்திலும் நிறத்திலும் வேறு. உப்புத்தண்ணீரில் பருப்பு வேகத் தாமதமாகும், சரியாகக் குழையாது. ஊர்த் தண்ணீர் மாறினால் சாம்பார் மாறுவது இதனால்தான். மண்சட்டி இறக்கிய பிறகும் சூட்டை விடாமல் வைத்திருப்பதால் குழம்பு தொடர்ந்து சுண்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் அதே பதம் வேண்டுமானால் சில நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிட வேண்டும். விறகுப் புகையின் மணத்தைக் கேஸ் அடுப்பில் கொண்டுவர முடியாது. அதற்காக மெனக்கெடத் தேவையில்லை.

எந்தத் தடயமும் கிடைக்காத இடங்களில் அச்சிட்ட சமையல் நூலை அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்தது. அக்காலத்துப் பிராமணச் சைவச் சமையலுக்கு அது நல்ல ஒப்பீடு. அதில் உள்ளபடி ஒருமுறை சமைத்து, "நம் வீட்டில் இப்படி இல்லை" என்று சாட்சிகள் சொல்லும் இடங்களைத் திருத்திக்கொண்டே வரலாம்.

பாதுகாப்பு

பாட்டியின் ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அது வெள்ளீயமா என்பது. காரீயம் கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து உடலில் சேர்க்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெருங்கேடு. ஐயமிருந்தால் ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தெளிய வேண்டும். அதுவரை பூசை அலமாரியில் மட்டும் வைக்கலாம். இரண்டு, வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே தீ நக்கினாலும் ஓட்டை விழும்.

பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளி, மோர், தக்காளி சேர்ந்தவற்றைச் சமைக்கவோ வைத்திருக்கவோ கூடாது.

பிரண்டை, சேனை, சேப்பங்கிழங்கு ஆகியவற்றில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் தோலையும் தொண்டையையும் அரிக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளம் பிரண்டையாகப் பார்த்துக் கணுவையும் நாரையும் நீக்கி, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்க வேண்டும்.

படையல் உணவு இலையில் நெடுநேரம் காத்திருக்கும். இலையில் சிறிதளவு மட்டும் பரிமாறி, மீதியை ஆவி பறக்கும் சூட்டில் மூடி வைக்க வேண்டும். சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆறிக் கிடக்கக் கூடாது. சோற்றில் வளரும் பாசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. பாயசத்துக்கும் மீன் குழம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காக்கைக்கு வைத்து, படைத்து முடியும்வரை பட்டினி இருக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது.

கடைசி ஊறுகாய் ஜாடி பல வீடுகளில் ஒரு நெருடலான விஷயம். மறைந்தவர் கையால் போட்டது என்று அதைத் தொடவும் மனம் வராது, எறியவும் மனம் வராது. பூஞ்சை படிந்திருந்தால் மேலே உள்ளதை வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும். நன்றாக இருக்கும்போதே வீட்டில் உள்ள எல்லாரும் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்ப்பது நல்ல முடிவு. கெட்டுவிட்டதென்றால் ஊறுகாயைக் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவிக் காயவைத்து, அடுத்த மாங்காய்க் காலத்தில் அதிலேயே புதிதாகப் போடலாம்.

எழுதி வைத்தல்

சோதனை முடிந்ததும் ஓர் உணவுக்கு ஒரு தாள் என்ற கணக்கில் எழுத வேண்டும். தாளில் இடம்பெற வேண்டியவை:

1. உணவின் பெயர், வீட்டில் அழைத்த பெயர்.
2. சமைத்தவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பது.
3. எந்தக் காலத்துப் பக்குவம்.
4. கிராம், மில்லியில் அளவு. பக்கத்தில் அவர் சொன்ன சொல்லிலேயே பழைய அளவு.
5. வரிசைப்படி செய்முறை, ஒவ்வொரு படியிலும் தெரிய வேண்டிய நிறமும் மணமும்.
6. தொட்டுக்கொள்ள என்ன, யாருக்கு எப்படிப் பிடிக்கும்.
7. சாட்சி சொன்னவர்கள் பெயர், ஒத்துப்போகாத கருத்துகள்.

மறைந்தவரின் கையெழுத்தில் சீட்டு கிடைத்திருந்தால் அதைப் படமெடுத்து நகலைத்தான் சமையலறையில் ஒட்ட வேண்டும். மூலத்தை அமிலமற்ற காகித உறையில் வெளிச்சமும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும். லேமினேஷன் செய்யக் கூடாது. சூட்டால் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளிலிருந்து பிரிக்க முடியாது. எண்ணெய்க் கறையையும் மஞ்சள் கறையையும் துடைக்க முயல வேண்டாம். எந்தப் பக்கத்தை அவர் அடிக்கடி புரட்டினார் என்பதை அந்தக் கறைதான் காட்டும்.

எழுதிய தாளின் நகல்களை உடன்பிறந்தார் அனைவருக்கும் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் படையலுக்குச் சமைத்த பிறகு, அன்று சுவைத்தவர்கள் சொன்ன திருத்தங்களைத் தேதியிட்டு வேறு நிற மையில் தாளின் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வரியை அடித்துவிடக் கூடாது.